செருப்புக் காவல்

சிலமலை
3.6.2024

அக்கா சோலையம்மாளுக்கு,

இங்கு எனக்குச் சாப்பாடு இறங்குகிறது, தூக்கம் வருகிறது. முழங்கால் மட்டும் படியேறும்போது ஒரு வார்த்தை பேசும், அவ்வளவுதான். அங்கு உனக்கு மூச்சிரைப்பு தேவலையா, மேட்டில் சாரல் இறங்கிவிட்டதா என்று எழுது. உன் மகள் பவதாரணி தேனி வேலைக்கு ஒழுங்காகப் போய் வருகிறாளா என்றும் எழுது.

கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன். இனி சொல்ல வேண்டியது.

போனில் சொன்னால் என்ன என்பாய். ஒரு வாரமாகப் போனில்தான் சொல்லிப் பார்த்தேன். "சிக்னல் இல்ல தம்பி, கேக்கல, கேக்கல" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்துக்குச் சிக்னல் வேண்டாம். இதை ஜீப்பு அழகுமலையிடம் கொடுத்து அனுப்புகிறேன். தினமும் காலையில் போடியில் ஆள் ஏற்றி உங்கள் எஸ்டேட் லயத்து வாசலில்தான் இறக்குகிறான். பதிலையும் அவனிடமே கொடு.

போன மாதம் இருபத்தாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நீ மேலே கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தாய். கீழே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. அதனால் வரிசையாக எழுதுகிறேன்.

பவதாரணியைக் கட்டிக்கொள்ளப் போகிற அன்புச்செல்வன் நம்மை எல்லாம் ஒருநாள் கூட்டிப் போவதாகச் சொன்னான். ஏலக்காட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் கம்பி கட்டி, இடுப்பில் வாரைப் பூட்டி, ஆளைச் சறுக்கிவிடுகிற ஜிப்லைன் வந்திருக்கிறது என்றான். நானும் வந்தேன். புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தேன். டிக்கெட் கௌண்டரில் பிரபாகரன் என்று பேர் எழுதிய அட்டையை மாட்டிக்கொண்டு ஒரு பையன். ஆதாரைக் கேட்டான், கொடுத்தேன். பார்த்தான்.

"தாத்தா, அறுவத்தஞ்சு ஆச்சு ஒங்களுக்கு. அறுவதுக்கு மேல ஏத்த மாட்டோம். அங்கிட்டு நெழல்ல ஒக்காருங்க."

"தம்பி, அது காகிதத்து வயசு. எனக்கு அம்பத்தொன்பதுதான்."

"எல்லாரும் இதத்தான் சொல்றாக, தாத்தா."

அடுத்து உன் ஆதாரை வாங்கினான். ஐம்பத்தைந்து என்று போட்டிருந்தது. "வாங்கக்கா, எடை பாத்துருவோம்" என்றான். எனக்குத் தாத்தா, உனக்கு அக்கா. எனக்கு மூன்று வயது மூத்தவள் நீ. நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ தராசைப் பார்த்தாய்.

அங்கே அவர்களே பூட்ஸ் கொடுத்ததால் உங்கள் மூன்று பேர் செருப்பும் என்னிடம் வந்தது. இரண்டு பை, பவதாரணியின் போன், உன் கண்ணாடி. அப்புறம் மதுரையிலிருந்து வந்த ஒரு கூட்டம், "அண்ணாச்சி, இதையும் சேத்துப் பாத்துக்கிருங்க" என்று அவர்கள் செருப்பையும் என் காலடியில் விட்டுவிட்டுப் போனது. நான் அந்த ஆள் இல்லை என்று சொல்வதற்குள் மேடை ஏறிவிட்டார்கள்.

நீங்கள் ஏறி நின்ற முதல் மரம் எது தெரியுமா? ஓடை ஓரத்துச் சந்தனவேம்பு. ஏலத்துக்கு நிழல் அதிகமானால் காய் பிடிக்காது என்று மழைக்கு முன்னால் வருஷா வருஷம் அதில் ஏறிக் கிளை கழித்தவன் நான். இடுப்பில் ஒரு சணல் கயிறு, கையில் ஒரு வெட்டரிவாள். பூட்டு இல்லை, தலைக்குத் தொப்பி இல்லை. அந்த மரத்தில் ஏற எனக்கு வயது போதவில்லையா, மிஞ்சிவிட்டதா?

மேலே போகும்போது நீ சின்னப்பிள்ளை மாதிரிக் கத்தினாய். ஓடைக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது.

எனக்கு ஒரே ஒரு காகிதம் வேண்டும். இவன் எனக்கு இளையவன், இவன் வயது ஆதாரில் தப்பு என்று உன் கையால் எழுதித் தா. வருகிற தையில் எனக்கு நிஜமாகவே அறுபது முடிந்துவிடும். அதற்குள் அந்தச் சந்தனவேம்பில் அடித்த பலகையின் மேல் நான் ஏறி நிற்க வேண்டும்.

மழைக்காலம், காட்டில் அட்டைக்குச் சுண்ணாம்பு வைத்துக்கொள்.

காகிதப்படி உனக்குப் பத்து வயது மூத்த அண்ணன்,
ம. சோணை

ஏழாம் லயம்
16.6.2024

அன்புத் தம்பி சோணைக்கு,

நான் சௌக்கியம். பவதாரணியும் சௌக்கியம். முழங்காலுக்கு வேப்பெண்ணெய் போடு. மூச்சிரைப்பு மழை நின்றால் தானாகச் சரியாகிவிடும்.

இங்கே ஐந்து நாளாக வெயிலே இல்லை. களை எடுக்கப் போகிறோம், நனைந்து வருகிறோம். ஓடைப் பக்கம் இரண்டு மரம் விழுந்துவிட்டது. சந்தனவேம்பு நிற்கிறது.

அன்றைக்கு நீ வந்ததில் அன்புச்செல்வனுக்கு ரொம்ப சந்தோஷம். "மாமா கம்பீரமா இருக்காக" என்று பவதாரணியிடம் சொன்னானாம். விளையாட்டுச் சாமானுக்கு எல்லாம் மனசை வருத்திக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா,
சோலையம்மாள்

சிலமலை
20.6.2024

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வேப்பெண்ணெய் போட்டேன். நான் முழங்காலைப் பற்றிக் கேட்கவில்லை.

விளையாட்டுச் சாமான் என்று எழுதியிருக்கிறாய். கயிறு விளையாட்டுத்தான். அதற்குக் கேட்ட காகிதம் விளையாட்டில்லை. உனக்கு மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன்.

எழுபத்தேழாம் வருஷம் பங்குனியில் அப்பா காலில் கிளை விழுந்து எலும்பு முறிந்தது. லயத்து வீட்டில் இருக்க வேண்டுமானால் அவருக்குப் பதில் ஓர் ஆள் காட்டில் இறங்க வேண்டும் என்றார்கள். அப்பா கட்டுப்போட்ட காலோடு என்னைக் கூட்டிப் போனார். கிளார்க் கேட்டார்.

"என்னப்பா, பால் குடி மறந்த புள்ளையா இது?"

"பதினெட்டு சாமி. ஆள்தான் வளரல."

எனக்கு அப்போது பன்னிரண்டு. பதினெட்டு என்று எழுதினார்கள். அந்தப் பதினெட்டு ரேஷன் கார்டுக்குப் போய், ஓட்டு லிஸ்டுக்குப் போய், ஆதாருக்குப் போய்விட்டது. காகிதம் சொன்ன ஐம்பத்தெட்டில் எஸ்டேட் என்னை வீட்டுக்கு அனுப்பியது. நிஜத்தில் ஐம்பத்திரண்டு. மரத்தின் உச்சியில் நின்றுகொண்டிருந்தவனைக் கீழே இறங்கு என்றார்கள், இறங்கினேன். அதோடு லயத்து வீடும் போனது. அப்போதும் நான் ஒன்றும் கேட்கவில்லை.

உன் விஷயம் வேறு. சுருளி மச்சானைவிட நீ ஒரு வயது மூத்தவள் என்று ஊர் பேசும் என்பதற்காக, கல்யாணத்தின்போது அப்பா உன் வயதில் ஐந்தைக் குறைத்துச் சொன்னார். அதுவும் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒரே அப்பன் ஒரு பிள்ளைக்குக் கூட்டினார், ஒரு பிள்ளைக்குக் கழித்தார்.

நான் ஐந்தாவதோடு நின்றவன். பலசரக்குக் கடையில் பொட்டலம் மடித்த தாளைப் படித்துப் படித்து எழுத்தைப் பிடித்துக்கொண்டவன். நீ எட்டாவது முடித்தவள். நாலு வரி எழுத உனக்கு எத்தனை நாள் ஆகும்?

ஆடிக் காற்றில் மரத்தடியில் ஒதுங்காதே.

காகிதப்படி உன் அண்ணன்,
ம. சோணை

சிலமலை
25.7.2024

அக்காவுக்கு,

இங்கு சுகம். அங்கு சுகம்தான் என்று அழகுமலை சொன்னான். முப்பத்தைந்து நாளாகிறது. கடிதம் தொலைந்துவிட்டதோ என்று அவனைப் பிடித்துக் கேட்டேன்.

"அண்ணே, ஒங்க அக்கா கையிலதான் குடுத்தேன். வாங்கி, மடியில சொருகிருச்சு."

"பதிலு?"

"பதிலு கேட்டேன். 'சோலி கெடக்கு, போப்பா'ன்னுருச்சு. நீங்க ரெண்டு பேரும் பேசுறதுக்கு நடுவுல என் ஜீப்பு ஒண்ணுதான் ஓடுது, போங்க."

ஜீப்பில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ம. சோணை

ஏழாம் லயம்
11.8.2024

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் நல்லபடியாக இருக்கிறோம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

காய் எடுப்பு தொடங்கிவிட்டது. விடிந்தால் காடு, அடைந்தால் வீடு. குனிந்து குனிந்து எடுத்ததில் விரல் எல்லாம் கருத்துப் போய்விட்டது. பேனா பிடித்தால் தாளில் கறை ஒட்டுகிறது. அதனால்தான் எழுதவில்லை.

அரைக் கிலோ ஏலக்காய் கொடுத்துவிட்டிருக்கிறேன். நல்ல பச்சை, இந்த வருஷத்து முதல் காய். டீயில் போட்டுக் குடி.

பவதாரணிக்குத் தையில் கல்யாணத்தை வைத்துவிடலாம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்கிறார்கள். நீதான் முன்னால் நின்று நடத்த வேண்டும்.

அக்கா,
சோலையம்மாள்

சிலமலை
19.8.2024

அக்காவுக்கு,

நலம். நலம் விசாரித்ததாக வைத்துக்கொள்.

ஏலக்காயை அழகுமலையிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஜீப்பில் யாருக்காவது கொடுத்திருப்பான். நான் கேட்டது காய் இல்லை.

உனக்காகக் காத்திருந்து பயனில்லை என்று நானே ஆபீசுக்குப் போனேன். எந்த ஆபீஸ் என்று கேட்காதே, மூன்று ஆபீஸ். மூன்றாவதில்தான் ஒரு நாற்காலி காலியாக இருந்தது, உட்காரச் சொன்னார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெண் கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்தாள்.

"பெறந்த சர்டிபிகேட் இருக்காங்கய்யா?"

"லயத்துல பெறந்தவனுக்கு ஏதும்மா சர்டிபிகேட்?"

"பள்ளிக்கூடத்து டி.சி.?"

"பள்ளிக்கூடம் ஓட்டுக் கொட்டகை. ஒரு மழையில அலமாரியோட போச்சு."

"அப்ப ஒங்களுக்கு மூத்த ரத்த சொந்தம் யாராச்சும் எழுதிக் கையெழுத்துப் போடணும். ஒங்க பெறப்பப் பாத்தவங்களா இருக்கணும்."

"எங்கக்கா இருக்கா."

சட்டைப்பையிலிருந்து உன் ஆதார் நகலை எடுத்துக் கொடுத்தேன். பாங்கியில் உன்னை வாரிசாகப் போட்டபோது வாங்கி வைத்தது. அவள் என் கார்டையும் உன் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அடுத்த மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"என்ன பெரியவரே, ஒங்களுக்குப் பத்து வருஷம் கழிச்சுப் பெறந்த புள்ள, நீங்க பெறந்தத எப்படிப் பாத்துச்சு? வகுத்துக்குள்ள வாரதுக்கு முன்னாடியே எட்டிப் பாத்துச்சோ?"

வரிசையில் நின்றவர்கள் வரை சிரித்தார்கள். மருந்துக்கடைச் சின்ராசு நின்றான். சாயங்காலத்துக்குள் போடி முழுக்கப் போய்விட்டது.

சிரித்து முடித்துவிட்டு அந்தப் பெண் விவரம் சொன்னாள். முதலில் உன் வயதை நேராக்க வேண்டும். நீ மூத்தவள் என்று ஆன பிறகுதான் உன் சாட்சி செல்லும். நீ ஒரு நாள் லீவு போட்டு இறங்கி வந்தால் போதும். வருவாயா, மாட்டாயா? ஒரு வார்த்தையில் எழுது.

காகிதப்படி உன் அண்ணன்,
ம. சோணை

ஏழாம் லயம்
8.9.2024

மதிப்புள்ள மாமாவுக்கு,

பவதாரணி எழுதிக்கொண்டது. நாங்கள் நலமாக இருக்கிறோம். நீங்கள் வேளைக்குச் சமைக்கிறீர்களா, ஒருவேளை சமைத்து மூன்றுவேளை சாப்பிடுகிறீர்களா? சாப்பாட்டு விஷயத்தில் உங்களைப் பற்றி நல்ல பேர் இல்லை.

எனக்கும் அன்புவுக்கும் தை பதினெட்டாம் தேதி முகூர்த்தம் வைத்திருக்கிறார்கள். போடியில் மண்டபம். நீங்கள் மாலையோடு என்னை மேடைக்குக் கூட்டிப் போக வேண்டும். போகும்போது அந்த கௌண்டர் பையனைத் திட்டிக்கொண்டே போகக் கூடாது, முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மாமா, அன்றைக்கு நடந்ததில் என் தப்பும் இருக்கிறது. வயது வரம்பு போட்டிருக்கிறார்கள் என்று நான் முன்னாலேயே பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் கையில் செருப்பைக் கொடுத்ததும் நான்தான். அதற்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். அம்மாவை விட்டுவிடுங்கள்.

உங்கள் கடிதங்களை அம்மா அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறாள். அரிசி அளக்கும்போதெல்லாம் எடுத்துப் படிக்கிறாள். "என்னம்மா எழுதியிருக்காக மாமா?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, மழை பெய்யுதான்னு கேட்டுருக்கான்" என்கிறாள். ஒரு நாள் அவள் இல்லாதபோது எடுத்து நானே படித்துவிட்டேன்.

காகிதப்படி அம்மாவுக்குக் காட்டில் இன்னும் மூன்று வருஷம் வேலை இருக்கிறது. அதுவரை இந்த லயத்து வீடும் இருக்கும். அதற்குள் நாங்கள் கீழே ஒரு வீடு பார்த்து அவளை அழைத்துக்கொள்வோம். வயதைத் திருத்தினால் மறுநாளே இறங்கச் சொல்லிவிடுவார்கள். இதை அம்மா உங்களுக்கு எழுத மாட்டாள். அதனால் நான் எழுதுகிறேன்.

நான் எழுதியது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

அன்புள்ள,
பவதாரணி

சிலமலை
15.9.2024

அக்காவுக்கு,

வணக்கம். முகூர்த்தத் தேதி காதுக்கு வந்தது. பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். அதில் எந்தக் குறையும் இல்லை.

வயதைத் திருத்தினால் வேலை போகும், வீடு போகும். இது யாரும் சொல்லி எனக்குத் தெரிய வேண்டியதில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் இறக்கிவிடப்பட்டவன் நான். அந்த ஜீப்பில் என் பாயும் பாத்திரமும் இறங்கியபோது நீ லயத்து வாசலில் நின்று பார்த்தாய். "இவனுக்கு இன்னும் வயசு இருக்கு" என்று அன்றைக்கு நீ யாரிடமாவது சொன்னாயா?

ஆகவே, ஆபீசுக்கு நீ வர வேண்டாம். அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன். இப்போது வேறு ஒன்றைக் கேட்கிறேன்.

அப்பாவுக்குப் பதில் காட்டில் இறங்க வேண்டியது நான் இல்லை. மூத்தவள் நீ. அன்றைக்குக் காலையில் அப்பா வாசலில் நின்று உன் பேரைச் சொல்லித்தான் முதலில் கூப்பிட்டார். மூன்று முறை கூப்பிட்டார். நீ வரவில்லை. அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார். நான் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன், பள்ளிக்கூடம் போவதற்கு.

அன்றைக்கு நீ எங்கே இருந்தாய்? நாற்பத்தேழு வருஷமாக நான் இதைக் கேட்டதில்லை. நீயாகச் சொல்வாய் என்று இருந்தேன். கௌண்டரில் நீ தராசைப் பார்த்தபோதுதான், நீயாகச் சொல்லமாட்டாய் என்று தெரிந்தது.

அதை எழுதி அனுப்பு. எழுதினால் தை பதினெட்டு காலையில் மாலையோடு வந்து நிற்பேன். எழுதாவிட்டால் தாய்மாமன் இடத்தில் நிற்க வேறு ஆளைப் பார்த்துக்கொள். பிள்ளை முகத்துக்காக நான் இறங்கி வருவேன் என்று கணக்குப் போடாதே. நான் இறங்க மாட்டேன்.

ம. சோணை

ஏழாம் லயம்

தம்பி சோணைக்கு,

உன் உடம்புக்கு எப்படி இருக்கிறது? எனக்குப் பரவாயில்லை. இந்தக் கடிதத்தை ஏழு முறை எழுதி அடுப்பில் போட்டுவிட்டேன். பவதாரணி கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பேரை எப்படிப் போடுவது என்று நேற்றுக் கேட்டாள். அதனால் எட்டாவது முறை எழுதுகிறேன்.

நான் எஸ்டேட் ஸ்டோரில் இருந்தேன். காலிச் சாக்குக் கட்டு அடுக்கி வைத்திருப்பார்களே, அதற்குப் பின்னால். அப்பா என் பேரைக் கூப்பிட்ட மூன்று தடவையும் எனக்குக் கேட்டது. அன்றைக்கு எனக்குக் கணக்குப் பரீட்சை. போன பரீட்சையில் நான்தான் முதல். வாத்தியார் என் நோட்டை எல்லாரிடமும் காட்டியிருந்தார். அப்பா என்னைக் கூட்டிப் போகப் போகிறார் என்று முந்தின நாள் அம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன். விடிந்ததும் போய் ஒளிந்துகொண்டேன்.

என்னைக் காணாவிட்டால் ஒரு நாள் தள்ளிப்போகும் என்றுதான் நினைத்தேன். உன்னைக் கூட்டிப் போவார் என்று சத்தியமாக நினைக்கவில்லை. ஆனால் சாக்கு இடுக்கு வழியாக ஆபீஸ் வாசல் தெரிந்தது. நீ அப்பா பக்கத்தில் நின்றாய். பொத்தான் ஒன்று தப்பாகப் போட்டிருந்தாய். கிளார்க் எழுதுவதைப் பார்த்தேன். அப்போதாவது நான் வெளியே வந்திருக்கலாம். வரவில்லை. நீங்கள் போனதும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.

எட்டாவது முடித்தேன். ஒன்பதாவதுக்கு மேட்டைத் தாண்டிப் போக வேண்டும் என்று அப்பா அனுப்பவில்லை. அந்த ஆனியிலேயே என்னையும் களை எடுக்க இறக்கிவிட்டார். உன்னைக் கொடுத்து நான் வாங்கியது அந்த ஒரு பரீட்சைதான், சோணை. அதில் எனக்கு எழுபத்தொன்று.

இன்னொன்றும் இருக்கிறது. அது உனக்கே தெரியாது. உனக்கு அப்போது பன்னிரண்டு இல்லை. பத்து. அந்தத் தையில்தான் பத்து முடிந்தது. உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று நான்தான் உன் கையைப் பிடித்திருந்தேன். வயது கேட்டபோது அம்மா ஐந்து என்றாள். நீ ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாய். அதற்கு வயது பத்துத்தானே? ஊரில் யாராவது கேட்டால் பத்து என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. "பன்னெண்டு, லேட்டா சேத்தோம்" என்பார். சொல்லிச் சொல்லி நீயும் அதையே நம்பிவிட்டாய். நான் திருத்தவில்லை. உனக்கு இப்போது ஐம்பத்தேழு. எனக்கு அறுபது.

அன்றைக்குக் கௌண்டரில் "இவன் எனக்கு இளையவன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அப்புறம் என் வயதைக் கேட்பான், என்னையும் நிறுத்திவிடுவான். எனக்கு ஏற ஆசையாக இருந்தது. இந்த மலையில் பிறந்ததிலிருந்து நான் குனிந்தே இருந்திருக்கிறேன், ஏலம் தரையில் அல்லவா காய்க்கிறது? மேலே இருந்து ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று இருந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டேன். கத்தியது சந்தோஷத்தில்தான். அதில் பொய் சொல்ல மாட்டேன்.

பாதித் தூரம் போனதும் கீழே பார்த்தேன். செருப்புகளுக்கு நடுவில் நீ நின்றாய். சாக்கு இடுக்கில் அன்றைக்கு எவ்வளவு சின்னதாகத் தெரிந்தாயோ, அவ்வளவு சின்னதாகத் தெரிந்தாய். அப்புறம் நான் கத்தவில்லை.

இதை எந்த ஆபீசில் வேண்டுமானாலும் கொடு. என் ஆதாரையும் இத்துடன் வைத்திருக்கிறேன், நகல் இல்லை, கார்டே. லயத்து வீட்டைப் பற்றி யோசிக்காதே. இனி உன்னிடம் மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை.

அக்கா,
சோலையம்மாள்

சிலமலை
14.12.2024

அக்காவுக்கு,

இங்கு பனி விழ ஆரம்பித்துவிட்டது. மூச்சிரைப்புக்காரி நீ, காலையில் தலைக்குத் துணி கட்டாமல் காட்டுக்குப் போகாதே.

உன் கடிதத்தைப் போன வாரம் அழகுமலை கொண்டுவந்து கொடுத்தான். "அண்ணே, இந்தத் தடவ கவரு கனமா இருக்கு. ஒங்களுக்குக் கல்யாணம் பேசுறாகளா?" என்றான். பஸ் ஸ்டாண்டிலேயே நின்று படித்தேன். அவன் இரண்டு டீ சொன்னான். இரண்டும் ஆறிப்போனது.

மறுநாள் இந்த ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன். மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். ஒரு பிள்ளையை நிறுத்தி, "எத்தனாப்பு ஆத்தா?" என்று கேட்டேன். "அஞ்சாப்பு" என்றாள். என் இடுப்புக்கு வந்தாள். பையைத் தூக்க முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள். அவள் தெரு திரும்புகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன். வாட்ச்மேன் வந்து, என்ன வேண்டும் பெரியவரே என்று கேட்டான். ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டேன்.

போனது போகட்டும் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்க்காதே. எனக்கு அப்படி எழுத வரவில்லை. பன்னிரண்டு என்றால் ஒரு மாதிரி பொறுத்துக்கொண்டிருந்தேன். பத்து இன்னும் தொண்டையில்தான் நிற்கிறது. அது இறங்குகிறபோது இறங்கட்டும்.

உன் கடிதத்தையும் கார்டையும் இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கடிதத்தில் நீ தேதி போடவில்லை. தேதி இல்லாத காகிதம் எந்த ஆபீசிலும் செல்லாது. மூன்று ஆபீஸ் ஏறி இறங்கியவன் சொல்கிறேன். தேதி போட்டுத் திரும்ப அனுப்பிவிடாதே. ஒருமுறை திருப்பியதை மறுபடி வாங்குகிற பழக்கம் எனக்கு இல்லை. கார்டைப் பத்திரமாக வை. மூன்று வருஷத்துக்கு அது கசங்கக் கூடாது.

அந்தக் கௌண்டர் பையனுக்கு ஒன்று சொல்லி அனுப்பு. சந்தனவேம்பில் பலகையை நேராக ஆணி வைத்து அடித்திருக்கிறார்கள். மரம் பருக்கும்போது ஆணி பிதுங்கும். கயிறு கட்டி இறுக்க வேண்டும். எப்படி என்று தெரியாவிட்டால் வந்து கேட்கச் சொல். கீழே நின்றே சொல்லித் தருகிறேன். நான் ஏறவில்லை.

பத்திரிகையில் தாய்மாமன் சிலமலை ம. சோணை என்று போடச் சொல். ஓய்வு, கீய்வு என்று எதுவும் போட வேண்டாம். தை பதினெட்டு காலை ஐந்தரைக்கெல்லாம் மண்டபத்தில் இருப்பேன். மாலை நான் கொண்டுவருவேன். உங்கள் பக்கத்தில் யாரும் முந்திக்கொண்டு வாங்க வேண்டாம். அன்புச்செல்வன் அம்மா உன் வயதைக் கேட்டால் ஐம்பத்தைந்து என்றே சொல். நான் பக்கத்தில்தான் நிற்பேன், சிரிக்க மாட்டேன்.

ஏலக்காய் இருந்தால் அழகுமலையிடம் கொடுத்துவிடு. ஆடி ஆவணியிலிருந்து டீ வாயில் வைக்க முடியவில்லை.

மண்டபத்து வாசலில் செருப்பு ஸ்டாண்டு இருக்கிறது. உன் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வா. என் கையில் கொடுக்காதே.

உன் தம்பி,
சோணை